பழைய எம்.ஜி.பி.க்கு மின்விசிறி: முதலில் டைனமோவைப் பாருங்கள்

1962-ல் வந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ரேடியேட்டர் விசிறி வாட்டர் பம்ப்போடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றும். எஞ்சின் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். ஆனால் காற்று அதிகம் தேவைப்படுவது டிராஃபிக்கில் நிற்கும்போதுதான்! மின்விசிறிக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, வாங்கும் முன் ஒன்று. 1967 வரையிலான வண்டிகளில் பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் கிடையாது, பழைய வகை 22 ஆம்பியர் டைனமோதான். ஐட்லிங்கில் அது ஏறக்குறைய ஒன்றும் தராது. விசிறி 10 ஆம்பியர் இழுக்க, ஹெட்லைட்டும் எரிந்தால் பேட்டரி காலி. முதலில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுங்கள் என்பேன்.

டைனமோவோடே ஓட்டுவதென்றால், அது பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். ஒயரை வழக்கம்போல் கொடுத்தால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுங்கள். ரேடியேட்டர் முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ரிலேயும் (விசிறியின் கரண்டை சுவிட்சுக்குப் பதில் தாங்குவது) ஃப்யூஸும் கட்டாயம். விசிறியை மாட்ட, ரேடியேட்டருக்குள் கோத்து இறுக்கும் பிளாஸ்டிக் கட்டு மட்டும் வேண்டாம், அதிர்வில் டியூப் தேய்ந்து ஒழுகும். தனி பிராக்கெட் போடுங்கள். அப்புறம், பழைய விசிறியின் போல்ட்டுகள்தான் புல்லியையும் பிடித்திருக்கின்றன. விசிறியைக் கழற்றியதும் அவை தேவைக்கு மேல் நீளமாக இருக்கும். குட்டையான போல்ட் தேடி வையுங்கள்.