பழைய பெரிய விமான கிட்: பசையை கடைசியா எடுங்க

பழைய பெரிய டப்பா ஒண்ணு கைக்கு வந்திருக்கு, திறந்து பாத்தா 1/32 ஸ்கேல்லயோ 1/24 ஸ்கேல்லயோ (நிஜத்துல 32ல ஒரு பங்கு, 24ல ஒரு பங்கு சைஸ்) ஒட்டிச் சேக்கற ஒரு பிளாஸ்டிக் மாடல் விமானம், ஃப்ரேம் ஃப்ரேமா பார்ட்ஸ், மடிப்புல கிழிஞ்ச இன்ஸ்ட்ரக்ஷன் ஷீட், மஞ்சளாகிப் போன டீகால் (தண்ணில ஊற வெச்சு ஒட்டற ஸ்டிக்கர்). உடனே உக்காந்து இறக்கையை ஒட்ட ஆரம்பிச்சிடாதீங்க. என் முதல் 1/32 கிட்ல நான் அதைத்தான் பண்ணேன், ஒரே ராத்திரியில பாடியை மூடியாச்சு, மறுநாள் இறக்கையை வெச்சுப் பாத்தா உக்காரவே இல்ல, பிரிக்கவும் வழியில்ல. பழைய கிட்ல ஒட்டற வேலை கொஞ்சம்தான், ஒட்டாம வெச்சுப் பாக்கற வேலைதான் நெறைய.

சைஸ் எவ்ளோன்னு முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. உதாரணத்துக்கு ஸ்பிட்ஃபயர்னு ஒரு பிரிட்டிஷ் போர் விமானம், நிஜத்துல அதோட இறக்கை இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு 11.23 மீட்டர். 1/72ல அது 15.6 சென்டிமீட்டர்தான், 1/24ல கிட்டத்தட்ட 47 சென்டிமீட்டர். மாடல் கிட் கம்பெனியான ஏர்ஃபிக்ஸோட 1/24 ஸ்பிட்ஃபயர் 1970லயே வந்தாச்சு, அந்தக் காலத்து பெரிய கிட் எதை எடுத்தாலும் இந்த மாதிரி நீளநீளமான பார்ட்ஸ்தான். நீளமா இருக்கறதால நெளிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் இல்லாம சின்ன தப்பு கூட பெருசா தெரியும். 1/24ல அரை மில்லிமீட்டர் சந்து விட்டீங்கன்னா நிஜ விமானத்துல அது 12 மில்லிமீட்டர், சுண்டுவிரல் உள்ள போயிடும்.

1. கழுவுங்க, எண்ணுங்க

வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு ஃப்ரேமோடயே கழுவி காய விடுங்க. அச்சுலேர்ந்து சுலபமா கழண்டு வரட்டும்னு எண்ணெய் மாதிரி ஒண்ணு தடவியிருப்பாங்க, அது மிச்சம் இருந்தா பெயின்ட் பிடிக்காது. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற பிளாஸ்டிக் பார்ட்ஸை தனி கவர்ல போட்டு எடுத்து வெச்சிடுங்க, அதுல ஒரு கீறல் விழுந்தா அப்புறம் பாலிஷ் போட்டே கை வலிக்கும். ஷீட்டை வெச்சு ஒவ்வொரு நம்பரா டிக் பண்ணுங்க. பழைய டப்பால ஒண்ணு ரெண்டு காணாம போயிருக்கும், அது இப்பவே தெரியறது நல்லது.

டயர் ரப்பர் மாதிரி வளையற வினைலா இருந்தா அதை மத்த பார்ட்ஸ் மேல படாம எடுத்து வைங்க. வினைலை மெதுவாக்க சேத்திருக்கற கெமிக்கல் வருஷக்கணக்கா கசிஞ்சு பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக்கை உருக்கிடும். சக்கரம் பல வருஷம் கழிச்சு குழைஞ்சு போறதுக்கு காரணம் இதுதான்.

2. வெட்டறது, பிசிறு எடுக்கறது

பார்ட்டை கையால திருகி பிடுங்காதீங்க, நிப்பரால (சின்ன கட்டிங் பிளேயர்) கொஞ்சம் தள்ளி வெட்டி மிச்சத்தை பிளேடால சீவி உப்புத்தாள் போடுங்க. 400 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 600, அப்புறம் 1000. தண்ணி தொட்டு தேய்ச்சா தூசி பறக்காது, மூச்சுக்கும் நல்லது.

பழைய அச்சு தேய்ஞ்சிருந்தா ரெண்டு பாதிக்கும் நடுவுல பிளாஸ்டிக் வழிஞ்சு மெல்லிசா பிசிறு நிக்கும், பிளேடை நிமிர்த்திப் பிடிச்சு சுரண்டினா வந்துடும். உள்பக்கம் வட்ட வட்டமா தெரியறது அச்சுலேர்ந்து பார்ட்டை தள்ளிவிட்ட பின்னோட தடம், மூடினப்புறம் தெரியாத இடத்துல இருந்தா விட்டுடுங்க. வெளிப்பக்கம் லேசா குழி இருந்தா அது தடியான இடம் ஆறும்போது சுருங்கினது, அதை மட்டும் புட்டி வெச்சு மூடுங்க.

பேனல் கோடெல்லாம் (விமானத்தோட தகடுகள் சேர்ற இடத்தைக் காட்டற கோடு) மேடா இருக்கேன்னு பயப்படாதீங்க. அச்சு இரும்புல கோடு கீறினா பார்ட்ல அது மேடாத்தான் வரும், அப்போ அதுதான் சுலபம். எல்லாத்தையும் தேய்ச்சுட்டு புதுசா பள்ளக் கோடு கீறறவங்க இருக்காங்க, முதல் கிட்ல அது வேண்டாம்னுதான் சொல்வேன், மேட்டுக் கோடும் பெயின்டுக்கு அடியில அழகாத்தான் இருக்கு.

3. பசை இல்லாம ஒரு தடவை முழு விமானம்

எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான ஸ்டெப். பாடி ரெண்டு பாதி, இறக்கை, வால் எல்லாத்தையும் மாஸ்க்கிங் டேப்பும் ரப்பர் பேண்டும் போட்டு நிறுத்துங்க. ஷீட் என்ன வரிசை சொன்னாலும் சரி, எங்க இடிக்குது எங்க சந்து விடுதுன்னு இப்ப பாத்து பென்சில்ல குறிச்சு வைங்க.

நெளிஞ்ச இறக்கை இருந்தா சூடான தண்ணில முக்குங்க, கொதிக்கற தண்ணி வேண்டாம், அது மொத்த பார்ட்டையும் உருக்குலைச்சிடும். கொஞ்ச நேரத்துல லேசா வளைய ஆரம்பிக்கும், அப்போ கையில நேரா பிடிச்சுக்கிட்டே பச்சத்தண்ணிக்கு மாத்துங்க. ஒரே தடவையில வராது, மூணு நாலு தடவை ஆகும்.

இறக்கை பாடியோட சேர்ற இடத்துலதான் பழைய கிட் நம்மள சோதிக்கும். மேலே சொன்ன என் கிட்ல வலது பக்கம் சரியா ஒரு மில்லிமீட்டர் சந்து. புட்டியை வெச்சு அடைச்சேன், காஞ்சதும் தேய்ச்சேன், சுத்தி இருந்த ரிவெட் எல்லாம் போச்சு, நாலு நாள்ல புட்டியிலயும் விரிசல். அடுத்த கிட்லயும் அதே சந்து வந்துச்சு, இந்த தடவை டேப் போட்ட பாடியை ரெண்டு விரலால உள்ளேர்ந்து லேசா விரிச்சுப் பாத்தேன், சந்து அப்படியே மூடிக்கிச்சு. அப்பதான் உறைச்சது, குறை இறக்கையில இல்ல, பாடி ஒடுங்கியிருக்கு. மிச்சமான ஃப்ரேம் குச்சியில ஒரு துண்டு வெட்டி, கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு நீளத்தை சரி பண்ணி, பாடிக்குள்ள குறுக்கா முட்டுக் கொடுத்தேன். ஒரு சொட்டு புட்டி கூட தேவைப்படல. அதனால சந்தைப் பாத்ததும் புட்டியைத் தேடாதீங்க, எது எதைத் தள்ளுதுன்னு பாருங்க.

முட்டு கொடுத்தும் மூடலன்னா அந்த தடிமனுக்கு பிளாஸ்டிக் ஷீட் வெட்டி சொருகுங்க. புட்டி அதுக்கும் அப்புறம்தான்.

4. காக்பிட்

பாடியை மூடறதுக்கு முன்னாடியே இதுக்கு பெயின்ட் முடிஞ்சிருக்கணும். இந்த ஸ்கேல்ல சீட், பெல்ட், டயல் எல்லாமே கண்ணுக்கு நல்லா தெரியும், ஆற அமர பண்ணுங்க. சீட் பெல்ட்டை மாஸ்க்கிங் டேப்ல மெல்லிசா வெட்டி ஒட்டினா போதும், பிரமாதமா இருக்கும். முடிஞ்சதும் காக்பிட்டை உள்ள வெச்சு பாடியை மறுபடி டேப் போட்டு மூடிப் பாருங்க, பெயின்ட் தடிமனே சில சமயம் இடிக்கும்.

5. இப்ப பசை

லிக்விட் சிமென்ட்ங்கற தண்ணி மாதிரி பசை பிளாஸ்டிக்கை உருக்கி ரெண்டையும் ஒண்ணாக்கும், அதனால ஒட்டற இடத்துல பெயின்டை சுரண்டி எடுத்துடுங்க. பாடியை டேப்போட பிடிச்சுக்கிட்டு மூக்குலேர்ந்து வால் வரைக்கும் ஒரேயடியா ஒட்டாம அஞ்சு சென்டிமீட்டர் அஞ்சு சென்டிமீட்டரா போங்க. பிரஷ்ல தொட்டு இடுக்குல வெச்சா தானே ஓடிப்போகும், ஆனா டேப்புக்கு அடியில ஓடிட்டா தழும்பாயிடும், டேப் இல்லாத இடமா பாத்து வைங்க. கொஞ்சம் பொறுத்து ரெண்டு பக்கமும் அமுக்கினீங்கன்னா உருகின பிளாஸ்டிக் மெல்லிசா கோடு மாதிரி பிதுங்கி வரும். அது வந்துச்சுன்னா நல்லது, தொடாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு தேய்ச்சா ஜாயின்ட் இருந்த இடமே தெரியாது. அவசரப்பட்டு மறுநாளே தேய்ச்சா அப்புறம் அது சுருங்கி பள்ளமாயிடும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு வேலை பாருங்க, இந்த வாசனையை அடைச்ச ரூம்ல சுவாசிக்கக் கூடாது.

இறக்கையை ஒட்டும்போது சாய்வு பாக்கணும். ஸ்பிட்ஃபயரோட இறக்கை 6 டிகிரி மேல தூக்கியிருக்கும். விமானத்தை சமமான மேஜையில வெச்சு ரெண்டு முனையும் மேஜையிலேர்ந்து ஒரே உயரத்துல இருக்கான்னு ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டு, காயற வரைக்கும் அடியில புத்தகத்தை முட்டு வைங்க.

மூக்குச் சக்கரம் இருக்கற விமானம்னா பாடியை மூடறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள வெயிட் வைக்க மறந்துடாதீங்க, இல்லன்னா வால்ல உக்காந்துடும்.

6. பெயின்ட், டீகால்

முதல்ல ப்ரைமர். சாம்பல் கலர் அடிச்சதும் மிச்சமான கீறலும் சந்தும் பளிச்னு காட்டிக்கொடுக்கும், சரி பண்ணி மறுபடி அடிங்க. அப்புறம் கலர், மெல்லிசா ரெண்டு மூணு கோட். டீகாலுக்கு முன்னாடி பளபளப்பான க்ளியர் கோட் கண்டிப்பா வேணும், சொரசொரப்பான பரப்புல ஒட்டினா அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மினுங்கும்.

மஞ்சளான டீகால் ஷீட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெயில் படற ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வைங்க, நாள்பட நாள்பட மஞ்சள் வெளுக்கும். தேவையில்லாத ஒரு சின்ன டீகாலை மட்டும் வெட்டி முதல்ல தண்ணில போட்டுப் பாருங்க. அது துண்டு துண்டா உடைஞ்சதுன்னா ஷீட் முழுக்க க்ளியர் ஸ்ப்ரே அடிச்சு காய வெச்சு, ஒவ்வொண்ணையும் ஓரம் ஒட்டி வெட்டி எடுங்க. ஒட்டி காஞ்சதும் மேலே பளபளப்பில்லாத மேட் க்ளியர் கோட்.

7. கேனபி

கேனபிங்கறது காக்பிட்டுக்கு மேல வர்ற கண்ணாடி மூடி, அதுக்கு சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், அதோட ஆவி படிஞ்சு வெள்ளையா மூடிடும். மர வேலைக்கு போடற வெள்ளைப் பசை போதும், காஞ்சா தெரியாது, வழிஞ்சா ஈரத்துணியால துடைச்சுக்கலாம். கேனபியோட சட்டத்துக்கு மட்டும் பெயின்ட் படணும்னு கண்ணாடி மேல ஒட்டின மாஸ்க்கிங் டேப்பை மேட் கோட் முழுசா காஞ்சப்புறம் உரிங்க, மூலையை டூத்பிக்கால தூக்கிவிட்டு பெயின்ட் ஓரம் பேந்து வராம மெதுவா சாய்ச்சு இழுங்க, உள்ள நீங்க டேப்ல வெட்டின சீட் பெல்ட் தெரியும்.