முகவரியை முதலில் எழுதி வையுங்கள்: வலைப்பதிவு வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், கொட்டகலைப் பக்கத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் தனிநபர் வலைப்பதிவுகளைத் தேடிப் பின்தொடரப் பழக்கி வருகிறேன். யாரும் காசு கொடுக்காமல், தன் ஆர்வத்துக்காக மட்டும் ஒருவர் வருடக்கணக்கில் எழுதி வைக்கும் பக்கங்களைச் சொல்கிறேன். தெமோதரையில் ரயில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைவது எப்படி என்று படம் வரைந்து விளக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். பத்திரிகைக்கு அதற்கெல்லாம் இடமில்லை. இப்படிப்பட்டவர்கள்தான் எழுதுவார்கள்.

வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் காலத்தில் எங்கள் வயதுக்காரர்கள் செய்த அதே தவறுகளை இந்தப் பிள்ளைகளும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். கண்ட இணைப்பை அழுத்தாதே, கடவுச்சொல்லைக் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

ஒரே இரவில் எல்லா வலைப்பதிவுகளையும் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பது

வேண்டாம். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

பெரிய சொல்லை வைத்துத் தேடுவது

"மலையகப் பண்பாடு" என்று தேடினால் செய்தித் தளங்களும் பாடக்குறிப்புகளும்தான் வந்து நிற்கும். தன் அனுபவத்தை எழுதுகிற ஆள் அந்தச் சொல்லைப் பாவிக்க மாட்டார். "காமன் ஊன்றுதல்", "பிரட்டுக்களம்", "எங்கள் லயத்தில்" என்று அவர் வாயில் வரக்கூடிய சொல்லைப் போட்டுத் தேடுங்கள். சமையலோ, பறவையோ, பழைய கமராவோ, எந்தத் துறையானாலும் இதே முறைதான்.

ஒரு நல்ல பதிவர் கிடைத்துவிட்டால் அப்புறம் தேடுபொறியே தேவையில்லை. பக்கவாட்டில் அவர் விரும்பி வாசிக்கும் தளங்களின் பட்டியல் இருக்கும். பிளாக்கர் (கூகுளின் வலைப்பதிவுச் சேவை) தளம் என்றால் அவருடைய பெயரை அழுத்திச் சுயவிவரப் பக்கத்துக்குப் போங்கள். அவர் நடத்தும் மற்ற வலைப்பதிவுகளையும், அவர் பின்தொடரும் வலைப்பதிவுகளையும் பலர் அங்கே காட்டி வைத்திருப்பார்கள். பழைய பதிவுகளின் பின்னூட்டங்களையும் விடாதீர்கள். எழுதியவரை விட விஷயம் தெரிந்த ஒருவர் அங்கே வந்து திருத்தம் சொல்லியிருப்பார், அவருக்கும் ஒரு வலைப்பதிவு இருக்கும்.

இன்னொன்று. ஒரு காலத்தில் இலங்கைத் தமிழ்த் தளங்கள் பல பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு உங்கள் போனில் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம்தான் திரையில் தெரியும். தளம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் மூடிவிடுகிறார்கள். அதை அப்படியே நகலெடுத்து, பாமினியை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் போட்டால் வாசிக்கத்தக்க தமிழாக வந்துவிடும். இந்தத் தளங்களை யூனிகோடில் தட்டச்சு செய்து தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மற்றவர்கள் கொடுத்த இணைப்பு வழியாகத்தான் போய்ச் சேர முடியும்.

"லைக் போட்டு வச்சிருக்கேன், வரும்தானே"

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. என்ன இழப்பு ஏற்படும் என்று பார்த்தவன் என்பதால்தான்.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி, தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத நினைத்தார். தோட்டத்துக்குக் கம்பனிப் பதிவில் ஒரு பெயர் இருக்கும், நம் ஆட்கள் கூப்பிடுவது வேறு பெயராக இருக்கும். முதல் கங்காணியின் பெயரோ, பக்கத்து ஆறோ, ஒரு மரமோ அந்தப் பெயருக்குள் இருக்கும். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் தன் பகுதியில் இருந்த முதியவர்களைக் கேட்டுக் கேட்டு இதையெல்லாம் வலைப்பதிவில் எழுதி வந்தார். அந்தத் தங்கச்சி அதை முகநூலில் யாரோ பகிர்ந்ததால் பார்த்தார். பகிர்ந்த பக்கத்துக்கு லைக் போட்டார். அவ்வளவுதான் செய்தார். வலைப்பதிவின் முகவரியைக் குறிக்கவில்லை, பெயரைக்கூடக் குறிக்கவில்லை.

அந்த ஐயா எப்போதாவது ஒன்று எழுதுகிறவர். முகநூல் நமக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும்போது, அடிக்கடி எழுதப்படுவதும் பலர் உடனே கைதட்டுவதும் மேலே வரும். பல மாதத்துக்கு ஒருமுறை பொறுமையாக எழுதுகிறவர் கீழே போய்விடுவார். தங்கச்சியின் திரையில் அது ஒருநாளும் திரும்ப வரவில்லை. பகிர்ந்த பக்கமும் ஒருநாள் அழிக்கப்பட்டுவிட்டது.

கட்டுரை எழுதும் நேரம் வந்தபோது என்னிடம் வந்தார். "சேர், லைக் பண்ணித்தானே வச்சிருந்தேன்" என்றார். நினைவில் இருந்த வரிகளைப் போட்டுத் தேடினோம். கிடைத்ததெல்லாம் வட்ஸ்அப்பில் சுற்றிய நகல்கள். எழுதியவர் பெயர் இல்லை. ஒன்றில் பாதி வெட்டப்பட்டிருந்தது, இன்னொன்றில் தோட்டத்தின் பெயரையே யாரோ மாற்றியிருந்தார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையில் அதை எப்படி மேற்கோள் காட்டுவது? ஐயாவின் சொந்த டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அவர் பேட்டி எடுத்த முதியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அதனால் திரும்பப் போய்க் கேட்டு எழுதவும் வழியில்லை. தலைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

முகவரி மட்டும் கையில் இருந்திருந்தால் ஒரு வாய்ப்பு இருந்தது. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. இறந்துபோன தளத்தின் முகவரியைக் கொடுத்தால், அது சேமித்து வைத்த பழைய பக்கங்களைத் தேதிவாரியாகக் காட்டும். எல்லாத் தளமும் அதில் இருக்காது, ஆனால் நிறைய இருக்கும். முகவரி தெரியாமல் உள்ளே போனால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒரு பதிவு பிடித்திருந்தால், வாசித்து முடிக்கும் முன்பே முகவரியை ஓர் ஆர்எஸ்எஸ் ரீடரில் சேர்த்துவிடுங்கள். ஃபீட்லி, இனோரீடர், ஆண்ட்ராய்டு போனுக்கு ஃபீடர், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஏறக்குறைய எல்லா வலைப்பதிவும் தன் புதிய பதிவுகளின் பட்டியலை ஒரு கோப்பாக வைத்திருக்கும். அதைத்தான் ஓடை என்கிறோம். ரீடர் அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டு வரும், புதிதாக ஏதும் இருந்தால் கொண்டுவரும். இடையில் எந்த நிறுவனமும் உட்கார்ந்து எது முக்கியம் என்று தீர்மானிப்பதில்லை. இரண்டு வருடம் சும்மா இருந்த ஆள் ஒருநாள் எழுதினாலும் அது உங்களிடம் வந்து சேரும். தனிநபர் வலைப்பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. ஓடையின் முகவரியை நீங்கள் தேட வேண்டியதில்லை. தளத்தின் முகவரியைப் போட்டாலே பெரும்பாலும் ரீடர் கண்டுபிடித்துவிடும்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. லயத்துக்குள் (தோட்ட வீட்டு வரிசைக்குள்) சிக்னல் இருக்காது, மேல் ரோட்டுக்கு வந்தால்தான் இரண்டு கோடு தெரியும் என்ற நிலை பல தோட்டங்களில் இன்னமும் இருக்கிறது. முழுக் கட்டுரையையும் இறக்கி வைக்கும் வசதி உள்ள ரீடர் என்றால், சிக்னல் உள்ள இடத்தில் திறந்து புதுப்பித்துக்கொண்டு, வீட்டில் இணைப்பில்லாமல் வாசிக்கலாம். எழுத்து மட்டும் என்பதால் டேட்டாவும் அதிகம் போகாது.

ஒரு பதிவு மிகவும் முக்கியமானது என்று பட்டால், வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமிக்கும்படி நீங்களே கேட்கலாம். முகவரியை ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். போன் தொலைந்தாலும் கொப்பி இருக்கும்.

பழையதை வாசிக்காமல் விடுவது

ஓடையில் சேர்த்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. மாற்றி அமைக்காவிட்டால் வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பதிவுச் சேவையின் ஓடையில் கடைசிப் 10 பதிவுகளும் பிளாக்கர் ஓடையில் கடைசி 25 பதிவுகளும்தான் இருக்கும். பதிவர் ஒருவரின் மிகச் சிறந்த எழுத்து பெரும்பாலும் அவர் ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். தளத்துக்கே போய், காப்பகப் பட்டியலைத் திறந்து, அடியிலிருந்து மேலே வாசியுங்கள்.

மின்னஞ்சலை மட்டும் நம்புவது

பிளாக்கர் தளங்கள் பல கூகுளின் ஃபீட்பர்னர் என்ற சேவை வழியாகப் புதிய பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பி வந்தன. 2021 இல் கூகுள் அந்த மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது. ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், வாசகர்களோ அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரீடரில் வாசிக்காதவற்றின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவது

எல்லாவற்றையும் வாசித்ததாகக் குறித்துவிட்டு, புதிதாக வருவதை வாசியுங்கள்.

பின்தொடரும் தளங்களின் பட்டியலுக்குப் பிரதி எடுக்காமல் இருப்பது

2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டது. சில மாதங்களுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். பட்டியலை இறக்கி வைத்தவர்கள் அதை ஃபீட்லி போன்றவற்றில் ஏற்றிக்கொண்டு அப்படியே தொடர்ந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து தேடினார்கள், பாதிப் பேரை மறுபடி கண்டுபிடிக்கவே இல்லை. நல்ல ரீடர்கள் எல்லாவற்றிலும் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. சில மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

எழுதியவருக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருப்பது

"அருமை", "சூப்பர்" என்று போடுவதை நான் சொல்லவில்லை. கேள்வி கேளுங்கள். இந்தப் பாட்டை எந்தத் தோட்டத்தில் கேட்டீர்கள், அந்தப் பாலம் உடைந்தது எந்த வருடம், இந்தப் படத்தில் பின்னால் தெரிவது பழைய தொழிற்சாலையா? கேள்விக்குப் பதிலாக ஒரு முழுப் பதிவே எழுதிவிடுகிற ஆட்கள் இவர்கள். பின்னூட்டப் பெட்டி மூடியிருந்தால் "என்னைப் பற்றி" பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பதிவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று அதன் தலைப்பையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். பத்து வருடத்துக்கு முன் எழுதியது அவருக்கே நினைவிருக்காது.