விட்டுப்போன பழக்கத்துக்குப் பாடுவாசி நிரப்புவது எப்படி?

போன ஐப்பசி மழையில் என் காலை நடை பதினோரு நாள் நின்றுபோனது. நீடாமங்கலத்தில் வெண்ணாற்றங்கரை முழுக்கச் சேறு. "ஒண்ணாம் தேதியிலிருந்து புதுசா ஆரம்பிப்போம்" என்று நோட்டை மூடினேன். அப்படி மூடிய நோட்டு வீட்டில் நாலு கிடக்கிறது.

அதே வாரம், நட்டுச் சில நாளே ஆன சித்தப்பாவின் தாளடி (இரண்டாம் போக நெல்) வயலிலும் தண்ணீர் நின்றது. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "ஏன்டா, நாலு குத்து நாத்து அழுகினா வயலையே உழுதுடுவாங்களா?" என்றார். செத்த நாற்றின் இடத்தில் மட்டும் வேறு நாற்று நடுவதைத்தான் பாடுவாசி நிரப்புவது என்பார்கள். அவர் செய்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

படி 1: வடியவிடுங்கள்

சித்தப்பா வடிகாலில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தண்ணீர் நிற்கும்போது எது பிழைத்தது என்று தெரியாதாம். நீங்களும் சறுக்கிய அன்றே எதையும் முடிவு செய்யாதீர்கள். அடைப்பை மட்டும் எடுங்கள். எனக்கு அது ராத்திரி பன்னிரண்டு மணி வரை பார்க்கும் செல்போன்.

படி 2: எண்ணுங்கள்

'எல்லாம் போச்சு' என்றது மனசு. நோட்டைத் திறந்தால் 40 நாளில் 29 நாள் நடந்திருக்கிறேன்.

படி 3: பாடுவாசி நிரப்புங்கள்

முக்கியமான வேலை இதுதான். வயல் ஓரத்தில் மிச்சம் வைத்த நாற்றை எடுத்து, செத்த இடத்தில் மட்டும் நடுவார்கள். நட்ட 7 முதல் 10 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாமதமானால் அந்தக் குத்து மட்டும் பின்தங்கி, மற்றது முற்றும்போது பச்சையாக நிற்கும். அதனால் ஒண்ணாம் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சின்னதாக நடுங்கள்: முக்கால் மணி நேர நடை முடியாவிட்டால் திண்ணையிலேயே பத்து நிமிடம். விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கவும் வேண்டாம். இரண்டு மணி நேரம் நடந்து முழங்கால் வீங்கியவன் சொல்கிறேன்.

படி 4: பச்சை கட்டும்வரை பொறுங்கள்

பிடுங்கி நட்ட நாற்று முதலில் மஞ்சளாகத்தான் நிற்கும். வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010-ல் அச்சில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை கணக்கு மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டது பெரிதாகக் கெடுக்கவில்லை. '21 நாள் சவால்' விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை!

ஒரு சங்கதி. குருத்தைப் பிடித்து இழுத்துக் கையோடு வந்தால் அது அழுகியது. வயல் முழுக்க அப்படியென்றால் சித்தப்பாவும் உழத்தான் செய்வார். பக்கத்து சீட்டுக்காரர் படிக்கிறார் என்று நான் தொடங்கிய இந்தி அந்த ரகம். அதை வருத்தமில்லாமல் உழுதுவிட்டேன்.

இன்று காலையும் தூறல். திண்ணையில் பத்து நிமிடம். நோட்டில் பாதி டிக் போட்டிருக்கிறேன். முழுசாகப் போடலாமா என்று சித்தப்பாவிடம் கேட்க வேண்டும்.