பழைய வலை அலமாரியில் பச்சோந்திக் கூண்டு

நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுக்களை மூலையில் ஒரு வலை அலமாரி நிற்கும். பாலும் தயிரும் மீன்குழம்பும் பூனை வாய் வைக்காமல் அதற்குள்தான் இருக்கும். பிரிட்ஜ் வந்த பிறகு அது மச்சுக்கோ தொழுவத்துக்கோ போனது. வீட்டை இடிக்கும்போது விறகு விலைக்குப் போகிறது. பச்சோந்தி வளர்க்க நினைப்பவர்களுக்கு அதைவிடத் தோதான சாமான் கிடையாது. சுற்றிலும் காற்று, உயரமான கால்கள், கொண்டி போட்ட கதவு, எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் ஈரமும் வெக்கையும் வெளியேற வழியில்லாமல் அடைந்துகிடக்கும். அதில் வளரும் பச்சோந்திக்கு நுரையீரல் நோய் எளிதாக வரும். போதாததற்குக் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து, வேறொரு பச்சோந்தி வந்துவிட்டதென்று மிரளவும் செய்யும்.

ரம்பத்தை எடுக்கும் முன் ஒரு விஷயம். நம் உடங்காட்டிலும் வேலிக் கருவேலிலும் தென்படுகிற நாட்டுப் பச்சோந்திக்காக இதைச் செய்யாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். இங்கே நான் சொல்வது ஏமன், சவூதிப் பக்கத்து மலைகளைச் சேர்ந்த வெய்ல்ட் கமேலியன் என்கிற வகைக்கு. அதுவும் சைட்டீஸ் என்கிற சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினம்தான். பில்லும் ஆவணமும் தருபவரிடம் மட்டும் வாங்கி, 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். காகிதம் இல்லாமல் ஒருவர் விலை குறைத்துத் தருகிறார் என்றால் விட்டுவிடுங்கள்.

அலமாரியைத் தேர்ந்தெடுப்பது

வளர்ந்த பச்சோந்திக்கு நாலடி உயரமும் இரண்டடிக்கு இரண்டடி தரைப் பரப்பும் வேண்டும். பழைய வலை அலமாரிகளில் உயரமும் அகலமும் இருக்கும், ஆழம்தான் ஒன்றரை அடியோடு நின்றுவிடும். அகலம் மூன்றடி இருந்தால் அந்தக் குறையைப் பொருட்படுத்த வேண்டாம். வலை அலமாரி கிடைக்காவிட்டால் பழைய புத்தக அலமாரியோ துணி பீரோவோ கூடப் போதும், மர வேலைதான் இரண்டு மடங்காகும். பிளைவுட், எம்டிஎஃப் பலகை மட்டும் வேண்டாம். தினமும் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் அது ஊறி உப்பி உதிர்ந்துவிடும்.

அலமாரியைக் கவிழ்த்துப் போட்டு மரத்தைப் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளைகளும், தட்டினால் மாவாகக் கொட்டுகிற தூளும் இருந்தால் உளுத்திருக்கிறது. ஓர் ஆணியைக் கால்களின் அடியில் அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தக் கால் பாரம் தாங்காது. கரையான் மருந்து அடித்த மரமென்று தெரிந்தால் வாங்கவே வேண்டாம். துணி பீரோவில் பாச்சை உருண்டை வாடை ஏறியிருந்தாலும் அப்படித்தான், வெயிலில் எத்தனை நாள் காய வைத்தாலும் அந்த வாடை எளிதில் போகாது.

பிரிப்பதும் தேய்ப்பதும்

தட்டுகளைக் கழற்றிவிடுங்கள். தட்டுகள் உட்கார்ந்திருந்த பக்கவாட்டுச் சட்டங்களை மட்டும் விட்டுவையுங்கள், பின்னால் கிளைகளைத் திருகாணி போட்டு நிறுத்த அவைதான் பிடிமானம். பழைய வலையைக் குறடால் பிய்த்து, மிச்சமிருக்கும் ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்குங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வகை உப்புத்தாளை வாங்கி, மாஸ்க் போட்டுக்கொண்டு முற்றத்தில் வைத்துத் தேயுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

அடிப்பலகை

புதிதாகச் செய்பவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம் இதுதான். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைக் குடிக்காது. இலையில் சொட்டுகிற நீரைத்தான் நக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் கூண்டுக்குள் தண்ணீர் சொட்டியாக வேண்டும், சொட்டியது வெளியே போயாக வேண்டும்.

அடிப்பலகைக்கு மேல் ஒரு பிவிசி ஷீட்டை வெட்டிப் போடுங்கள். பின்பக்கம் அதற்கடியில் அரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றைக் கொடுத்தால் முன்பக்கம் நோக்கி வாட்டம் கிடைக்கும். முன் மூலைகளில் ஒன்றில் பலகையோடு சேர்த்துத் துளையிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற டேங்க் நிப்பிளைப் பொருத்துங்கள். நிப்பிளின் விளிம்பு ஷீட்டைவிட உயர்ந்து நின்றால் அதைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், அழுகல் வாடை அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே துளையைச் சுற்றி ஷீட்டை லேசாகச் சூடாக்கிக் குழித்துவிட்டு, விளிம்பு அந்தக் குழிக்குள் உட்காரும்படி வைத்து முறுக்குங்கள். ஓரங்களுக்கெல்லாம் மீன்தொட்டி ஒட்டுகிற சிலிக்கான். அது காய்ந்த பின் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கடைசிச் சொட்டுவரை ஓடினால் சரி. கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள்.

வலையும் மேற்கூரையும்

ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் கொசுவலை என்று மட்டும் கேட்டால் நைலான் வலையை நீட்டுவார். பச்சோந்திக்குத் தீனியாக விடுகிற சில்வண்டுகள் அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். அலுமினிய வலை அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை என்று கேட்டு வாங்குங்கள். சட்டத்தின் உட்பக்கம் வைத்து ஸ்டேப்லர் கன்னால் இரண்டங்குலத்துக்கு ஒன்று அடித்து, வெட்டிய கம்பி முனைகள் வெளியே தெரியாதபடி மேலே மெல்லிய ரீப்பர் வைத்து மூடுங்கள். பச்சோந்தி வலையில் ஏறும். கம்பி முனை பாதத்தைக் கிழித்துவிடும்.

பின்பக்கம் பலகையாகவே இருக்கட்டும். மேற்குப் பக்கத்தையும் பலகையால் மறைப்பதே என் விருப்பம். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது குற்றாலத்தில் சாரல் விழும், நமக்கு இங்கே வறண்ட காற்றுதான் வரும். சுற்றிலும் வலையாக இருந்தால் கூண்டில் ஈரம் நிற்காது.

மேல் பலகையை அறுத்தெடுத்து அங்கேயும் வலை போடுங்கள். விளக்குகள் அதற்கு மேலே, வெளியே இருக்க வேண்டும். உள்ளே தொங்கவிட்டால் பச்சோந்தி பல்பின் மேலேயே ஏறிச் சுட்டுக்கொள்ளும். விளக்கு இரண்டு வகை. ஒன்று யுவிபி என்கிற புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு, டி5 வகையில் 6 சதவீதம் என்று போட்டது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம். இது இல்லாவிட்டால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு வளைந்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு ஈடாகாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்குக்கும் மேல் கிளைக்கும் இடையில் எட்டுப் பத்து அங்குலம் இருக்கட்டும். எரிந்துகொண்டிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மற்றது குளிர்காய ஒரு சாதாரணக் குண்டு பல்பு, 40 வாட் போதும்.

ஒயர் எதுவானாலும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலேறும்படி விடுங்கள். ஒயர் வழியே வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

பூச்சு

உட்பக்க மரத்துக்குத் தண்ணீரில் கரைகிற பாலியூரித்தேன் மூன்று கோட். அப்புறம் கதவைத் திறந்துபோட்டு மூன்று வாரமாவது காற்றாட விடுங்கள். மூக்கை உள்ளே நீட்டி மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியக் கூடாது.

கிளை, செடி, சொட்டுநீர்

கொய்யாக் கிளை அருமை. வழுவழுப்பும் உறுதியும் சேர்ந்தது. முருங்கை ஒடிந்துவிடும். விரல் பருமனிலிருந்து கட்டைவிரல் பருமன்வரை கலந்து, படுக்கையாகவும் சாய்வாகவும் திருகாணி போட்டு நிறுத்துங்கள். செடிக்கு மணி பிளான்டும் செம்பருத்தியும். இந்த வகைப் பச்சோந்தி இலையையும் கடிக்கும், ஆகவே அரளி, எருக்கு பக்கமே போகக் கூடாது. நர்சரிச் செடியில் மருந்து அடித்திருப்பார்கள்; மண் மாற்றி, இலைகளைக் கழுவி, சில வாரம் வெளியே வைத்திருந்து பிறகு உள்ளே வையுங்கள்.

சொட்டுநீருக்கு மருந்துக் கடையில் புதிய டிரிப் செட் ஒன்று வாங்கினால் போதும். ஒரு பாட்டிலில் மாட்டி மேல் வலையில் நிறுத்தி, உருளையைத் தள்ளிச் சொட்டின் வேகத்தைக் குறையுங்கள். காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்.

அலமாரிக் கால்களை எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நம் பெரியவர்கள் வழக்கம். அதை இங்கேயும் கைவிடாதீர்கள். செத்த சில்வண்டு ஒன்று கிடந்தாலே சாரை சாரையாக எறும்பு வந்துவிடும், அது பச்சோந்தியையும் கடிக்கும். வாரத்துக்கு இருமுறை கிண்ணத்தைக் கொட்டித் துடைத்து நிரப்பினால் கொசுப் புழு வைக்காது.

வைக்கும் இடம்

மெத்தை வீட்டு மாடி அறை வேண்டாம். கூண்டுக்குள் பகலில் 22 முதல் 27 டிகிரி, பல்பின் கீழே மட்டும் 30-ஐ ஒட்டி, ராத்திரியில் இன்னும் குறைய வேண்டும். கத்திரி வெயிலில் இங்கே குண்டு பல்புக்கே வேலை இருக்காது. கோடை ராத்திரியிலும் 30-க்குக் கீழே இறங்காத அறை மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது, ஏசியும் கிடையாது என்றால் பச்சோந்தி வாங்க வேண்டாம். அலமாரியில் செடி வளருங்கள், அதுவும் அழகுதான்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தெர்மாமீட்டர் மாட்டி, விளக்கும் சொட்டுநீரும் ஓட, ஒரு வாரம் காலிக் கூண்டைக் கவனியுங்கள். கணக்கு சரியாக நின்ற பிறகே பச்சோந்தி வரட்டும். ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். ஜோடியாக விட்டால் ஒன்றை ஒன்று வாட்டும். அது வந்த நாளிலிருந்து அந்த அறையில் கொசுவர்த்தி, லிக்விடேட்டர், கரப்பான் ஸ்பிரே எதுவும் கூடாது.