வெளிநாட்டு ஏழைப் பிள்ளைகளிடம் பணிக்குப் போக ஆசைப்படுகிறீர்களா? எங்கிருந்து தொடங்குவது

எங்கள் பங்கில் ஒவ்வொரு அக்டோபரும் இது நடக்கும். மறைபரப்பு ஞாயிறன்று, ஆப்பிரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் ஃபாதர் யாராவது பிரசங்கம் வைப்பார், பூசை முடிந்ததும் இரண்டு மூன்று இளைஞர்கள் குரு பூசைக்கு உடுப்பு மாற்றும் சக்கிரீஸ்து அறை வாசலில் தயங்கித் தயங்கி நின்று "நாங்களும் போகணும், என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். நான் சலேசிய சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையோடு டான்சானியாவில் இரண்டு வருடம் தன்னார்வலராக இருந்தவன் என்பதால் பங்குச்சாமி அவர்களை என்னிடம் அனுப்பிவைப்பார். அவர்களிடம் உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். இப்போது எந்தத் திசையில் போனாலும் கட்டிட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்த ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் பிள்ளைகள் தகரக் கொட்டகை வாசலில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை அங்கே போங்கள். ஆறு மாதம், மழை வந்தாலும், நண்பன் கல்யாணம் வந்தாலும், விடாமல். அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் பாஷை தெரியாது, உங்களுக்கு அவர்கள் பாஷை தெரியாது, அதனால் வேறொரு நாட்டில் என்ன படுவீர்களோ அதில் பாதியை இங்கேயே பட்டுவிடலாம். மூன்றாவது மாதம் சலிப்பு வரும். யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், நீங்கள் சொல்லிக்கொடுத்த பையனை வேறு சைட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள், அப்போதும் அடுத்த வாரம் போகத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த ஆறு மாதத்திலேயே தங்கள் பதில் தெரிந்துவிடுகிறது.

கூடவே ஓர் ஆன்ம குருவைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை போய் எதையும் மறைக்காமல் பேச வேண்டும். வேலை கிடைக்கவில்லை, காதல் முறிந்தது, வீட்டில் அப்பாவோடு பேச்சு இல்லை, அதனால் எங்கேயாவது தூரமாகப் போய்விட்டால் தேவலை என்ற நினைப்பும் இறையழைத்தல் போலவே உடுத்திக்கொண்டு வரும். இரண்டையும் நாமே பிரித்துப் பார்ப்பது கஷ்டம், வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும். அம்மா படுக்கையில் கிடக்கிறார், பார்க்க வேறு ஆளில்லை என்றால் இப்போதைக்கு வீட்டிலேயே இருங்கள். குழந்தை தெரேசம்மாள் பிரான்சின் லிசியே மடத்தை விட்டு எந்த மிஷன் நாட்டுக்கும் போனதில்லை, 24 வயதில் இறந்துவிட்டார், அவரைத்தான் 1927-இல் திருச்சபை சவேரியாரோடு சேர்த்து மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது.

சரி, எந்த வழியில் போவது? சபைகள் நிறைய உண்டு. எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது சலேசிய சபை, அதனால் அதையே வைத்துச் சொல்கிறேன். தொன் போஸ்கோ என்ற குரு 1859-இல் இத்தாலியின் தூரினில் தொடங்கிய சபை இது, 1875 நவம்பர் 11 அன்று பத்துப் பேரை முதல்முறையாக அர்ஜென்டினாவுக்கு அனுப்பினார். 1906 ஜனவரியில் ஜார்ஜ் தோமாத்திஸ் தலைமையில் ஒரு சிறு கூட்டம் தஞ்சாவூரில் வந்து இறங்கியது, இந்தியாவில் சலேசியர் கதை அங்கேதான் தொடங்குகிறது. அப்படி நம்மிடம் வந்தவர்கள் வழியாக வளர்ந்த சபையிலிருந்து இன்றைக்கு நம் பிள்ளைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

ஆயுள் முழுக்கப் போக விரும்பினால் துறவியாக வேண்டும், குருவாகவோ அருள்சகோதரராகவோ. பெண்களுக்கு 1872-இல் மரிய மசரெல்லோவோடு சேர்ந்து தொன் போஸ்கோ தொடங்கிய சலேசிய சகோதரிகள் சபை இருக்கிறது. நவதுறவகம் என்ற தொடக்கப் பயிற்சி ஒரு வருடம், வார்த்தைப்பாடு என்ற துறவு வாக்குறுதி, தத்துவம், பிள்ளைகளோடு பயிற்சிக் காலம், குருவாகிறவர்களுக்கு இறையியல் என்று பாதை நீளம். ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் வெளிநாடு என்று இல்லை, முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பிறகே அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு வருடமும் சபை பிறந்த டிசம்பர் 18-ஐ ஒட்டி உலகத் தலைவர் மிஷனுக்கு ஆள் கேட்டுக் கடிதம் எழுதுவார். விருப்பமுள்ளவர் அவருக்கு நேராக ஒரு கடிதம் எழுத வேண்டும், சபையின் மாநிலத் தலைவரின் கருத்தும் கேட்கப்படும், தேர்வானால் தூரின் சகாயமாதா பசிலிக்காவில் மிஷன் சிலுவை வாங்கிப் புறப்படலாம்.

அந்தக் கடிதத்தில் நாட்டின் பெயரைப் போட்டு அடம் பிடிக்காதீர்கள். ஏன் போக ஆசை, எப்போதிலிருந்து, எந்தப் பிள்ளைகளோடு இதுவரை இருந்தீர்கள், உடம்பில் என்ன தொந்தரவு, வீட்டு நிலைமை என்ன, இதை ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். 1875-இல் போனவர்கள் தெற்கே பாத்தகோனியாப் பகுதியின் பழங்குடி மக்களை நினைத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள், ஆனால் முதலில் அவர்கள் கையில் வந்தது புவெனோஸ் அயர்ஸிலும் சான் நிக்கோலாஸிலும் பிழைக்க வந்த இத்தாலியர்களும் அவர்கள் பிள்ளைகளும். பாத்தகோனியா சில வருடம் கழித்துத்தான்.

துறவு வேண்டாம், ஓரிரு வருடம் போதும் என்பவர்கள் சபையின் மாநிலத் தலைமையகத்தில் தன்னார்வலர் பொறுப்பாளரைப் பாருங்கள். பங்குத்தந்தையின் கடிதம், மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்கும் போலீஸ் சான்றிதழ், இவற்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவையான நாடு என்றால் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டாக வேண்டும், அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் ஒன்று. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியாவுக்குக் கொசுவலையை அலட்சியம் செய்யாதீர்கள்.

வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். 2016 மார்ச் 4 அன்று யேமன் நாட்டின் ஏடனில் அன்னை தெரசா சபையின் முதியோர் இல்லத்தில் நான்கு சகோதரிகள் கொல்லப்பட்டார்கள், அங்கிருந்த சலேசிய குரு டாம் உழுன்னாலில் கடத்தப்பட்டு 2017 செப்டம்பரில்தான் விடுதலையானார். எல்லா இடமும் அப்படி இல்லை. ஆனால் "ஒன்றும் ஆகாது அம்மா" என்று வாக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

இனி அங்கே போனபிறகு. முதல் ஆறு மாதம் உங்கள் வேலை மொழி படிப்பதுதான், அதுவும் பிள்ளைகளிடம். டான்சானியாவில் பேசும் சுவாஹிலி மொழியில் பன்மைக் குறி சொல்லின் முன்னால் வரும்: குழந்தை ம்டோடோ, குழந்தைகள் வாடோடோ. புத்தகம் கிடாபு, புத்தகங்கள் விடாபு. (நம்ம ஊர் முஸ்லிம் வீடுகளில் கிதாபு என்பார்களே, அதே அரபுச் சொல்தான்.) சொல்லின் பின்னால் 'கள்' போட்டுப் பழகிய நமக்கு இது வசப்பட நாளாகும். எட்டு வயசுப் பெண் பிள்ளை நம் தப்பைத் திருத்தும்போது வெட்கப்படாமல் திரும்பச் சொல்ல வேண்டும். முத்துக்குளித்துறையில் சவேரியார் நம்மவர்களோடு உட்கார்ந்துதான் ஜெபங்களைத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்தார், மதுரையில் தெ நொபிலி என்ற இயேசு சபைக் குருவும் இப்படி நம்மவர்களிடம்தான் தமிழ் கற்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். போன இரண்டாம் மாதம், சனிக்கிழமை பத்து மணிக்கு விளையாட வாருங்கள் என்று பையன்களிடம் 'ஸா கூமி' என்று சொல்லி வைத்திருந்தேன். ஸா என்றால் மணி, கூமி என்றால் பத்து. காலையில் போய் மைதானத்து மாமரத்தடியில் நின்றேன். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது, ஒருவரும் வரவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை, அதனால்தான் இப்படியே இருக்கிறார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் சத்தம். பதினேழு பேர், பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிறால் இறுக்கிக் கட்டிய பந்தோடு, சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறார்கள். அங்கே மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து ஓடுகிறது, நமக்குக் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று, அப்படியானால் பத்து என்பது நம் நாலு மணி. நம் பஞ்சாங்கத்திலும் உதயாதி நாழிகை உண்டு, எனக்கு அது தோன்றவில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றி நினைத்ததற்கு இன்னும் வருந்துகிறேன். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: ஒரு பிள்ளை தப்பு செய்வதாகத் தெரிந்தால், முதலில் நான் புரிந்துகொண்டது சரியா என்று உள்ளூர் ஆள் ஒருவரிடம் கேட்டுவிடுவேன்.

பெரியவர்களைக் கண்டால் 'ஷிகமோ' என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், 'உங்கள் பாதம் பற்றுகிறேன்' என்பதுதான் அதன் வேர் என்பார்கள். 'மராஹபா' என்று பதில் வரும். சாப்பாட்டுக்கு உகாலி, மக்காச்சோள மாவுக் களி. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்களுக்குச் சிரமமே இல்லை: ஒரு பிடி எடுத்து உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணி, அந்தக் குழியில் கீரையை அள்ளி வாயில் போட வேண்டும்.

பிள்ளைகளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டால் 1841 டிசம்பர் 8-ஐச் சொல்வேன். தூரின் அசிசியார் கோவில் சக்கிரீஸ்தில் பர்த்தலோமேயு கரேல்லி என்ற அநாதைப் பையனிடம் தொன் போஸ்கோ கேட்கிறார்: படிக்கத் தெரியுமா? தெரியாது. எழுத? தெரியாது. பாட? தெரியாது. விசிலடிக்க? பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு வருகிற கேள்வியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பந்தோ, பாட்டோ, ஆட்டுக்குட்டியோ, ஏதோ ஒன்று இருக்கும். 1884-இல் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் சொல்வதும் இதுதான், பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்கே தெரிய வேண்டும்.

விளையாட்டோடு நிறுத்திவிடாதீர்கள், பதினைந்து வயசுப் பையனுக்குத் தொழில் வேண்டும். தொன் போஸ்கோ 1853-இல் செருப்பு, தையல் பட்டறையும் அடுத்த வருடம் புத்தகக் கட்டுப் பட்டறையும் வைத்தார், அதற்கு முன்பே வெளியில் வேலை பழகப் போன பையன்களுக்காக முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். உங்களுக்கு வெல்டிங், எலக்ட்ரிகல், தையல், கணக்குப் பதிவு ஏதாவது உருப்படியாகத் தெரிந்தால் கிளம்புமுன் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கையில் காசு கொடுக்காதீர்கள். ஒருவனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தால் மீதிப் பேருக்கு நீங்கள் கடைக்காரர் ஆகிவிடுவீர்கள், தேவை எதுவானாலும் சபை இல்லத்தின் வழியாகப் போகட்டும். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, நல்ல எண்ணம் இருக்கிறதே என்று இதில் விலக்கு இல்லை. கிழிந்த சட்டையோடு நிற்கும் பிள்ளையைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், உங்கள் தங்கையை அப்படிப் போடுவீர்களா?

நான் இருந்த இல்லத்தின் தொழிற்பட்டறையில் இருந்தவர்களில் பலர் முஸ்லிம் பிள்ளைகள். நாங்கள் மாலை ஜெபம் சொல்லும்போது அவர்கள் தங்கள் தொழுகைக்குப் போவார்கள், ரமலானில் அவர்கள் நோன்பு திறக்கும் வரை விளையாட்டை ஒத்திவைப்போம். யாரையும் மதம் மாற்றக் கணக்குப் போடவில்லை. ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அவர்களே ஒருநாள் கேட்டார்கள், அப்போது இயேசுவைப் பற்றி மறைக்காமல் சொன்னேன்.

தனிமை நாலாம் மாதம் அடிக்கும், பொங்கல் சமயத்தில் அதிகம். வீட்டுக்குத் தினமும் வீடியோ கால் போட்டால் இன்னும் கூடும், வாரம் ஒன்று போதும். மற்ற மாலைகளில் அடுத்த அறைச் சகோதரரோடு உட்கார்ந்து சீட்டாடுங்கள்.

தன்னார்வலர்களுக்கு இன்னொன்று. திரும்பும் தேதியை இரண்டு மாதம் முன்னாலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே யாரோ ஒருவர் சொல்லாமல் விட்டுப்போன பிள்ளைகள்தான் அதில் பாதிப் பேர். நீங்கள் செய்துவந்த ஒவ்வொன்றையும் உள்ளூர் ஆள் ஒருவரிடம் ஒப்படையுங்கள். நான் கடைசி மூன்று வாரம் மைதானத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். விசில், பட்டறையில் படித்து முடித்த ஒரு இளைஞர் கழுத்தில் இருந்தது. இப்போதும் சனிக்கிழமை ஸா கூமிக்கு அவர்தான் ஊதுகிறார்.