மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஜியோகேச்சிங்: பெட்டியைப் புதைக்க வேண்டாம்

ஜிபிஎஸ் ஆயத்தொலைவுகளைக் கொண்டு, பிறர் மறைத்து வைத்த ‘கேச்’ எனும் பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங், 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் தொடங்கிய விளையாட்டு. மினசோட்டாவிலிருந்து இலினாய் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளும் மேல் மிசிசிப்பி ஆற்று வனவிலங்குப் புகலிடத்தில் இதை ஆட விரும்புவோர் முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: அந்நாட்டின் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் பெட்டிகளை மறைப்பதும் புதைப்பதும் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. தேடுவோர் பாதையை விட்டு விலகி நாணலை மிதிக்கும்போது கூடுகள் கலைந்துவிடும் என்பதால், இது மிகவும் நியாயமான விதி என்றே கருதுகிறேன்.

அதற்கு மாற்றாக, பெட்டியே இல்லாத மெய்நிகர் கேச்சுகளையும், நிலவியலைக் கற்பிக்கும் எர்த்கேச்சுகளையும் தேர்ந்தெடுங்கள்; குறித்த இடத்திற்குச் சென்று, கண்ணால் கண்டதைக் கொண்டு கேள்விக்கு விடையளித்தாலே போதும். ஆயத்தொலைவுகளை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கருவி சில மீட்டர் பிசகக்கூடும் என்பதால், அது புதரைக் காட்டினாலும் பாதையை விட்டு இறங்காதீர்கள். நவம்பரில் செல்வோர் தொலைநோக்கியை மறக்க வேண்டாம். இப்புகலிடத்தில், மினசோட்டாவின் பிரவுன்ஸ்வில் ஊர் அருகே ஆயிரக்கணக்கான தூந்திர அன்னங்கள் அப்போது தங்கியிருக்கும்.