வேலையை விடாமல் பகுதிநேரமாகக் கணக்கு எழுதித் தருவது எப்படி: சேலத்து அனுபவம்

பகலில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவு வேலை. மாலை ஏழு மணிக்கு மேல் செவ்வாய்ப்பேட்டை, குகைப் பக்கம் ஐந்து சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாக இது தடையில்லாமல் ஓடுகிறது. பி.காம் முடித்து, டேலி என்ற கணக்கு மென்பொருளில் கை பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பற்று, வரவு, இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதல் படி: ஆபீஸில் அனுமதி

நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேறு வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கலாம். நான் மேலாளரிடம் நேரில் சொல்லி, கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஆலைக்குச் சரக்கு தருபவர், ஆலையில் வாங்குபவர் யாருடைய கணக்கையும் தொடமாட்டேன் என்றும் அதில் எழுதினேன். அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

நம்மூரில் கணக்கு எழுதுகிற யாரையும் ‘ஆடிட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், ஆனால் கார்டில் அப்படி அச்சடிக்காதீர்கள். தணிக்கைக் கையெழுத்து சி.ஏ. படித்தவருடையது. பிறருக்காக ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் பதிவு பெற்றவர், அதாவது ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் ஆக, பி.காம் போதும். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் பிசிடி-01 படிவம் போட்டு, நாசின் என்ற மத்திய அரசுப் பயிற்சி நிறுவனம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும்.

இரண்டாம் படி: தேதி பார்த்து ஆள் பிடியுங்கள்

மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி 20ஆம் தேதி. ஆபீஸில் மாத முடிவுக் கணக்கும் முதல் வாரத்தில்தான் வரும், இரண்டும் சேர்ந்தால் தூக்கம் போய்விடும். விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டுக்கு அதில் ஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதி, 3பி 22ஆம் தேதி. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு, வரியை மட்டும் அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். என்னுடைய ஐந்து பேரில் நான்கு பேர் இப்படித்தான்.

மூன்றாம் படி: ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது?

என்னைத் திணற வைத்தது இதுதான். ஒரு கொலுசுப் பட்டறை, என்னுடைய முதல் வேலை. பில்களை எல்லாம் ஏற்றி, 20ஆம் தேதி இரவு 3பி-யைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தேன். ஓ.டி.பி. வரவே இல்லை. பார்த்தால், பதிவில் இருந்த போன் எண்ணும் மின்னஞ்சலும் முன்பு கணக்கு எழுதியவருடையவை. அவர் ஊரை விட்டே போய்விட்டார், அந்த எண்ணும் உயிரோடு இல்லை.

உள்ளே நுழைய முடிந்தால், பதிவுத் திருத்தத்தில் போய் எண்ணை மாற்றிவிடலாம். எங்களிடம் இருந்த பாஸ்வேர்டும் வேலை செய்யவில்லை. அப்படியானால் ஒரே வழிதான்: உரிமையாளரே அடையாளச் சான்று, பதிவுச் சான்றிதழோடு தன் எல்லைக்குரிய வரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதிகாரி புது எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவேற்றிய பிறகு, தற்காலிக பாஸ்வேர்டு மின்னஞ்சலில் வரும். ‘முதல்முறை நுழைபவர்’ என்ற இணைப்பு வழியாகப் போய் அதை மாற்ற வேண்டும். எங்களுக்கு ஆறு நாள் தாமதம், நாளுக்கு 50 ரூபாய் வீதம் 300 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் வரிக்கு 18 சதவீத வட்டி.

எல்லாம் முடிந்ததும் பட்டறைக்காரர் கேட்டார்: “ஏன் தம்பி, உங்க நம்பரையே போட்டுக்கங்களேன், எனக்கு எதுக்கு இந்தத் தொல்லை?”

“வேண்டாங்ண்ணா. நாளைக்கு நான் இல்லைன்னா இதே கதை உங்களுக்குத் திரும்ப வரும்” என்றேன்.

அவர் எண்ணையே போட்டோம். தாக்கல் நாளில் இரவு எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போய்விடுவேன். அவர் மெருகுப் பொடி ஒட்டிய விரலோடு போனைத் தள்ளிப் பிடித்து, ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாகப் படிப்பார். வாடிக்கையாளரின் சாவி வாடிக்கையாளர் கையில்தான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இப்போது யார் வந்தாலும் கணக்கைத் தொடுவதற்கு முன்பே ஒரு ஓ.டி.பி. வரவழைத்துப் பார்க்கிறேன்.

நான்காம் படி: எதில் எழுதுவது

பில் போட மொபைல் செயலிகள் போதும். வெள்ளிப் பட்டறை என்றால் டேலிதான் என் தேர்வு. ஒரே வெள்ளி கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று கை மாறிக்கொண்டே இருக்கும். டேலியில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு குடோன் (சரக்கு இருக்கும் இடம்) திறந்துவிட்டால் யாரிடம் எத்தனை கிராம் நிற்கிறது என்று உடனே தெரியும். கிராம் யூனிட்டை உருவாக்கும்போது தசம இடம் 3 என்று கொடுங்கள். கொலுசு விற்பனைக்கு 3 சதவீத வரி, பிறர் வெள்ளியில் செய்து தரும் ஜாப் ஒர்க் கூலிக்கு 5 சதவீதம். இரண்டையும் ஒரே லெட்ஜரில் போடாதீர்கள்.

கூலியை முதல் நாளே பேசிவிடுங்கள். நான் காலாண்டுக்காரர்களிடம் மாதம் 1,500 ரூபாய் வாங்குகிறேன், தனி வங்கிக் கணக்கில் மட்டும். இந்த வருமானம் வந்துவிட்டால் சம்பளக்காரருக்கான வருமான வரிப் படிவம் ஐ.டி.ஆர்-1 செல்லாது. வரவில் பாதியை லாபமாகக் காட்டும் அனுமான முறையில் ஐ.டி.ஆர்-4 போடுகிறேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தம்பி, ஏற்காட்டில் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் கூப்பிடுகிறார், போகலாமா என்று கேட்டார். தாராளமாகப் போகலாம். விளைந்த காப்பியைப் பதப்படுத்திக் கொட்டையாக விற்றால், அந்த வருமானத்தில் 25 சதவீதம் மட்டும் வணிக வருமானம், மீதி விவசாயம். அவரே வறுத்து அரைத்து விற்றால் அது 40 சதவீதம். அதனால் பில் கட்டைப் பிரிப்பதற்கு முன், தோட்டத்தில் வறுக்கும் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், அந்த ஓ.டி.பி.